வீட்டில் தெலுங்கு, தாளில் தமிழ்

பட்டம் வாங்க வந்திருக்கும் பிள்ளைகளே, உங்கள் முன் நிற்பவன் பத்திரிகைக்காரன். முன்னுரை நீண்டால் வெட்டுவது அவன் தொழில். நேரே விஷயத்துக்கு வந்துவிடுகிறான்.

ஓசூர் மூக்கண்டப்பள்ளியில் காலை ஷிஃப்ட்டுக்குக் கம்பெனி பஸ் வரும் நேரத்தில் ஒரு டீக்கடை ஓரமாக நின்றால் போதும். டீ சொல்வது தெலுங்கில், சில்லறை கேட்பது தமிழில், வீட்டுக்குப் போனில் பேசுவது கன்னடத்திலோ உருதுவிலோ. சிப்காட் தொழிற்பேட்டை வந்தபின் இந்தியும் சேர்ந்துகொண்டது. 2011 கணக்கெடுப்பின்படி 18.79 லட்சம் பேர் வாழும் கிருஷ்ணகிரி மாவட்டம் இது. இவ்வளவு பேச்சில் தாளுக்கு வந்தது கொஞ்சம்தான். எழுத ஆசைப்படும் பிள்ளைகளைக் கேட்டால், "சார், எங்க தமிழ் சுத்தமா இருக்காது" என்கிறார்கள். கதை இல்லை என்று யாரும் சொல்வதில்லை. மொழிதான் தடையாம்.

ஓசூரிலிருந்து எல்லை தாண்டினால் மாலூர் வட்டத்தில் மாஸ்தி என்று ஒரு கிராமம். அந்த ஊர்ப் பெயரைத் தன் பெயராக்கிக்கொண்டவர் மாஸ்தி வெங்கடேச ஐயங்கார். 1891-இல் பிறந்த அவருக்கு வீட்டு மொழி தமிழ், எம்.ஏ. படித்ததும் சென்னையில். மைசூர் சமஸ்தானத்தில் அதிகாரியாகக் கோப்புகளோடு மாரடித்தபடியே கன்னடத்தில் கதை எழுதினார். கன்னடச் சிறுகதையின் தந்தை என்று இன்றைக்கும் அவரைத்தான் சொல்கிறார்கள். 1983-ஆம் ஆண்டுக்கான ஞானபீட விருது அவருக்கு வந்தபோது வயது தொண்ணூறைத் தாண்டியிருந்தது. 'மாஸ்தி, கன்னடத்தின் ஆஸ்தி' என்பது அங்கே பழமொழி மாதிரி. தமிழ் பேசும் வீட்டுப் பிள்ளை கன்னடத்துக்கு ஆஸ்தியானதைப் பக்கத்து ஊர்க்காரர்களான நாம் இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொல்லிக்கொள்ளலாம்.

அடுத்தது நாகர்கோவில். சுந்தர ராமசாமி 1931-இல் பிறந்தபோது அது திருவிதாங்கூர். சிறுவயதில் கோட்டயத்தில் இருந்தார். பள்ளியில் கிடைத்தது மலையாளம். பத்து வயதையொட்டி மூட்டு நோய் வந்து படுக்கையில் தள்ளியது, படிப்பு நின்றது. தமிழை ஒழுங்காக எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டபோது வயது பதினெட்டு. தமிழில் எழுதத் தனக்குத் தகுதி இல்லை என்று சொல்ல இவரைவிட நியாயமான காரணம் யாருக்கு இருந்தது? அவர் செய்ததோ, மலையாள எழுத்தாளர் தகழியின் 'தோட்டியின் மகன்' நாவலைத் தமிழில் பெயர்க்க உட்கார்ந்தது. கற்றுக்கொண்டு முடித்தபின் எழுதலாம் என்று காத்திருக்கவில்லை. எழுதித்தான் கற்றுக்கொண்டார்.

அவருடைய முதல் நாவல் 'ஒரு புளியமரத்தின் கதை' சரஸ்வதி இதழில் தொடராக ஆரம்பித்தது. இதழ் நின்றது, தொடரும் நின்றது. புத்தகமாக முழுமையடைந்தது 1966-இல். பெயர் வந்தது. உடனே அடுத்த நாவல் வந்திருக்க வேண்டும் அல்லவா? வரவில்லை. சுமார் ஆறு ஆண்டுகள் ஏறக்குறைய எதுவுமே எழுதவில்லை. ஜவுளிக்கடையைப் பார்த்துக்கொண்டார், படித்தார், நண்பர்களோடு பேசினார். 1973-வாக்கில் மறுபடி பேனாவைத் திறந்தபோது எழுத்தே வேறாகியிருந்தது. 'ஜே.ஜே: சில குறிப்புகள்' வந்தது 1981-இல், மூன்றாவது நாவல் 1998-இல். முதல் இரண்டு நாவல்களுக்கு நடுவே 15 வருஷம், அடுத்ததற்கு 17. மாதம் ஒரு கதை வரவில்லையே என்று தலையில் கைவைக்கும் தம்பி தங்கைகள் இந்தக் கணக்கைக் குறித்துக்கொள்ளலாம்.

இங்கே ஒரு கிளைக்கதை. உங்கள் முன் நிற்பவன் படித்த கல்லூரியில் ஆண்டுமலர் உண்டு. அதற்கு அவன் கொடுத்த கதையில் பாட்டி பேசியதெல்லாம் சிவப்பு மையால் அடிக்கப்பட்டு, மேலே நல்ல தமிழ் எழுதித் திரும்பி வந்தது. 'ரவ்வோண்டு' என்ற சொல் 'சிறிதளவு' ஆகியிருந்தது. கிராமத்துப் பாட்டி தமிழாசிரியை ஆகிவிட்டாள்! அதற்கப்புறம் ரொம்ப நாள் அவன் உரையாடலே இல்லாத கதைகளாக எழுதித் தள்ளினான். யாரும் போடவில்லை, போடாதது இலக்கியத்துக்கு நல்லது.

அந்த நாளில் கி. ராஜநாராயணனைப் படித்திருந்தால் பிழைத்திருப்பான். தெலுங்கு பேசும் குடும்பம், பாதியில் நின்ற பள்ளிப் படிப்பு, இடைசெவல் கிராமத்தில் விவசாயம். கதை எழுத வந்தபோது முப்பதைத் தாண்டியாயிற்று. தன் முன்னோர் ஆந்திரப் பக்கமிருந்து வந்த கதையை 1976-இல் 'கோபல்ல கிராமம்' ஆக்கினார். அதன் தொடர்ச்சியான 'கோபல்லபுரத்து மக்கள்' 1991-இல் சாகித்ய அகாடமி விருது பெற்றது. புதுச்சேரிப் பல்கலைக்கழகம் அவரைப் பேராசிரியர் நாற்காலியில் உட்காரவைத்தது.

வேலை, எழுத நேரம் விடுவதில்லை என்பீர்கள். ஆதவன் தீட்சண்யா இதே ஓசூரில் தொலைபேசித் துறையில் வேலை பார்த்துக்கொண்டேதான் எழுதினார். நாளைக்கு உங்களில் பலர் சிப்காட்டில் ட்ரெய்னியாக நுழைவீர்கள். ஷிஃப்ட் முடியும்போது அடுத்து வருகிறவருக்கு லாக்புக்கில் எழுதவேண்டியிருக்கும்: எந்த மெஷின் எத்தனை மணிக்கு நின்றது, என்ன சத்தம் வந்தது, யார் பார்த்தார்கள். அதை எழுதும்போது எவருக்கும் கை நடுங்குவதில்லை. அதே நாலு வரியை வீட்டுக்கு வந்து, பக்கத்து லைன்காரர் சொன்ன ஒரு வாக்கியத்தோடு சேர்த்து, அவர் சொன்ன மொழியிலேயே இன்னொரு நோட்டில் எழுதிப் பாருங்கள்.

கி.ரா. 1982-இல் தன் கரிசல் வட்டாரத்துக்கு ஒரு சொல்லகராதியே தொகுத்தார். ஓசூர்ப் பேச்சுக்கு உங்களில் ஒருவர் அப்படி ஒன்று தொகுத்தால், முதல் பிரதிக்கு உங்கள் முன் நிற்பவன் இப்போதே பணம் கட்டத் தயார். கடன் சொல்லமாட்டான்.