வரப்பு நமது, மதகு யாருடையது?

(வில்லியனூர், பாகூர் கொம்யூன் தோழர்கள் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வரி என்றதும் முகம் சுளிப்பார் சிலர். செலவு என்றதும் கைதட்டி மகிழ்வார் சிலர். வரியும் செலவும் ஒரே வண்டியின் இரு சக்கரங்கள் என்பதை இரு சாராருமே மறந்துவிடுகின்றனர். அந்த வண்டியின் மூக்கணாங்கயிறு யார் கையில் இருக்கிறது என்பதைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேச வந்திருக்கிறேன். கல்லூரிப் படிப்பை முடிக்காமல் நாடக மேடைக்கு ஓடிவந்தவன் நான். பொருளாதாரப் பட்டம் என்னிடம் இல்லை. ஆனால் அரிசி வாங்கப் பையோடு போய் வெறும் பையோடு திரும்பிய தாயின் கணக்கு எனக்குப் புரியும். அந்தக் கணக்கைப் புரிந்துகொள்ளப் பட்டம் எதற்கு?

"அரசுகள் மனம்போன போக்கில் வரி போடலாமா? கடன் வாங்கிச் செலவழிக்கலாமா? அரசியல் சட்டத்தாலேயே ஒரு வரம்பு கட்டவேண்டாமா?" என்று கேட்கிறார்கள் சிலர். கேட்கட்டும். நியாயமான கேள்விதான். அந்தக் கேள்விக்கு நாம் அஞ்சவில்லை. பாகூர் உழவனிடம் போய்க் கேளுங்கள்: வரப்பில்லாத வயல் உண்டா? வரப்பில்லையேல் நீர் நில்லாது. நீர் நில்லாவிடில் நெல் ஏது? ஆகவே வரப்பு வேண்டும். ஆனால், பங்காரு வாய்க்கால் வழியே வந்து பாகூர் ஏரியில் நிறைந்த நீரை எந்த வயலுக்கு, எந்த நாளில் திறப்பது என்பதை, வயலையே கண்டறியாத ஒருவர் ஆயிரக்கணக்கான கல் தொலைவிலிருந்து முடிவு செய்தால் என்ன ஆகும்? வரப்பு வேறு, மதகு வேறு. வரம்பு வேறு, பூட்டு வேறு. புதுவை மக்களுக்கு வாய்த்திருப்பது வரம்பன்று; பூட்டு!

பாகூர்ச் செப்பேடு சொல்லும் பாடம்

இந்த மண்ணுக்கு வரியின் பொருளை யாரும் வெளியிலிருந்து வந்து கற்பிக்கத் தேவையில்லை. கி.பி. 9-ஆம் நூற்றாண்டில், பல்லவன் நிருபதுங்கன் காலத்தில், இதே பாகூரில் ஒரு கல்விச்சாலை இருந்தது. மூன்று ஊர்களின் வருவாய் அந்தக் கல்விச்சாலைக்கு விடப்பட்டது என்று செப்பேடு செப்புகிறது. வயலில் விளைந்தது வகுப்பறைக்குச் சென்றது. கொடுத்தவன் கண்ணெதிரே அதன் பயன் நின்றது. அது மன்னராட்சி. அங்கே வாக்குச்சீட்டு இல்லை. ஆயினும் எந்த ஊர் கொடுக்கிறது, எந்தக் காரியத்துக்குப் போகிறது என்ற கணக்கு செம்பில் வெட்டப்பட்டிருந்தது. மக்களாட்சியில் அந்தத் தெளிவு கூடியிருக்க வேண்டாமா?

1963-இல் போட்ட பூட்டு

1954 அக்டோபர் 18. கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடினர். இந்தியாவோடு இணைவோம் என்று 170 பேர் வாக்களித்தனர். 1962 ஆகஸ்ட் 16-இல் இணைப்பு சட்டப்படி நிறைவேறிற்று. பிரெஞ்சு ஆட்சியின் பிடி அகன்றது. அதற்கடுத்த ஆண்டே, 1963-இல், யூனியன் பிரதேசங்களின் ஆட்சிச் சட்டம் வந்தது. அந்தச் சட்டம் என்ன சொல்கிறது தெரியுமா?

வரி விதிக்கும் மசோதாவைச் சட்டமன்றத்தில் கொண்டுவர வேண்டுமானால் துணைநிலை ஆளுநரின் பரிந்துரை வேண்டும். வரவு செலவுத் திட்டத்தைச் சட்டமன்றத்தில் வைக்க வேண்டுமானால் குடியரசுத் தலைவரின் முன் ஒப்புதல் வேண்டும். ஆளுநருக்கும் அமைச்சரவைக்கும் கருத்து வேறுபாடு எழுந்தால் முடிவு குடியரசுத் தலைவருடையது. குடியரசுத் தலைவர் என்றால் யார்? மத்திய அமைச்சரவை என்று பொருள்!

ஆளுநரின் பரிந்துரை மாநிலங்களிலும் உண்டே என்பர். உண்டு. ஆனால் அங்கே ஆளுநர் அமைச்சரவையின் அறிவுரைப்படி கையொப்பமிடுகிறார். வரவு செலவுத் திட்டத்துக்கு டில்லியின் முன் ஒப்புதல் எந்த மாநிலத்துக்கும் தேவையில்லை. இங்கே, மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட முதலமைச்சர், மக்களுக்குக் கணக்குக் காட்டுவதற்கு முன்னால் டில்லிக்குக் கணக்குக் காட்டி அனுமதிச் சீட்டு வாங்கவேண்டும். என் நாடகத்தில் அரசன் வேடம் போட்ட நடிகனுக்கு முடியும் உண்டு, செங்கோலும் உண்டு. வசனத்தை மட்டும் திரைக்குப் பின்னாலிருந்து ஒருவர் சொல்லிக்கொடுப்பார். ஆனால் நாடகம் இரவோடு முடிந்துவிடும். இதுவோ விடியாமல் நடக்கிறதே!

கட்சி மாறியது, பூட்டு மாறவில்லை

வெறும் ஏட்டுக் குறை என்று எண்ணிவிடாதீர்கள். 2020-இல் முதலமைச்சர் நாராயணசாமி ஜூலை 20-ஆம் நாள் 9,000 கோடி ரூபாய்க்கு வரவு செலவுத் திட்டத்தை வைத்தார். ஒப்புதல் நடைமுறை குறித்துத் துணைநிலை ஆளுநர் கிரண் பேடியோடு எழுந்த பூசலில், ஆளுநர் உரையே இல்லாமல் அவை கூடிற்று. வில்லியனூர்த் திருக்காமீசுவரர் தேரை ஆளுநரும் முதலமைச்சரும் சேர்ந்து வடம் பிடிப்பது பிரெஞ்சுக்காரர் காலத்திலிருந்து வரும் வழக்கம். கோயில் தேருக்கு இருவரும் ஒரே திசையில் இழுக்கிறார்கள். ஆட்சித் தேரை மட்டும் ஒருவர் முன்னே இழுக்க, மற்றவர் பின்னே இழுக்கிறார். தேர் நகருமா?

"அப்போது டில்லிக்கும் புதுவைக்கும் வேறு வேறு கட்சி, அதனால் தகராறு" என்றனர் சிலர். சரி, 2021-இல் ஆட்சி மாறிற்று. டில்லி ஆளும் கட்சியே இங்கும் கூட்டணியில் அமர்ந்தது. என்ன நடந்தது? 2022 ஆகஸ்ட் 10-இல் ஆளுநர் உரையோடு அவை கூடிற்று. டில்லியின் ஒப்புதல் வந்து சேராததால் ஒத்திவைக்கப்பட்டது. முதலமைச்சர் ரங்கசாமி ஆகஸ்ட் 22-இல்தான் 10,696 கோடி ரூபாய்த் திட்டத்தைப் படிக்க முடிந்தது. மார்ச் மாதத்திலேயே முழு வரவு செலவுத் திட்டம் வைப்பது 2023-இல் நடந்தபோது, பன்னிரண்டு ஆண்டுகளில் முதல் முறை என்று அது செய்தியாயிற்று! எனவே, தோழர்களே, குற்றம் ஆட்களிடம் மட்டும் இல்லை. கட்சி மாறினாலும் பூட்டு மாறவில்லை என்பதை நெஞ்சில் நிறுத்துங்கள்.

இன்னும் கேளுங்கள். நம் சட்டமன்றத்தில் மக்கள் தேர்ந்தெடுத்தவர் 30 பேர். மத்திய அரசு நியமிப்பவர் 3 பேர். நியமன உறுப்பினரும் வரவு செலவுத் திட்டத்தின் மீது வாக்களிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2018 டிசம்பர் 6-இல் தீர்ப்பளித்தது. தீர்ப்பைப் பழிக்கவில்லை நான். அதற்கு இடம் கொடுத்த சட்டத்தைக் கேட்கிறேன்: வில்லியனூரில் ஒரு வீட்டு வாசலிலும் நின்று வாக்குக் கேட்காதவர், வில்லியனூரான் கட்டும் வரிமீது வாக்களிப்பது என்ன நீதி?

அரிசியா? பணமா?

செலவுக்கு வருவோம். நியாய விலைக் கடையில் இலவச அரிசி கொடுப்பது என்றது தேர்ந்தெடுக்கப்பட்ட அமைச்சரவை. அரிசி வேண்டாம், வங்கியில் பணம் போடு என்றார் ஆளுநர். மத்திய அரசும் பணமே என்றது. வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் சென்றது. 2020 பிப்ரவரியில் மத்திய அரசின் முடிவே நின்றது. கடைகள் பூட்டிக்கிடந்தன. 2024 அக்டோபரில்தான் அவை மீண்டும் திறக்கப்பட்டு அரிசி வழங்கப்பட்டது.

அரிசி நல்லதா, பணம் நல்லதா என்று வாதிடலாம். பணம் கொடுத்தால் கசிவு குறையும் என்று வாதிடுவோர் உண்டு. அந்தப் பணம் அடுப்புக்குப் போகுமா, சாராயக்கடைக்குப் போகுமா என்று கேட்கும் தாய்மாரும் உண்டு. இரண்டு பக்கமும் நியாயம் இருக்கலாம். ஆனால் தீர்ப்புச் சொல்ல வேண்டியவர் யார்? அமைச்சரவை தவறினால் ஐந்தாண்டில் அதைத் தூக்கியெறிய உங்களுக்கு வாக்குச்சீட்டு உண்டு. ஆளுநர் தவறினால் எந்தச் சீட்டைக் காட்டுவீர்கள்?

அடைத்த வாசல்களும் திறந்த வாசலும்

நிதிக்குழு என்று ஒன்று உண்டு. மத்திய வரிகளில் மாநிலங்களுக்குப் பங்கு பிரித்துச் சொல்வது அதன் வேலை. 15-ஆவது நிதிக்குழு 41 விழுக்காடு என்றது. அந்தப் பந்தியில் புதுவைக்கு இலை கிடையாது. காரணம், நாம் மாநிலம் அல்லவாம்! ஆனால் சரக்கு மற்றும் சேவை வரிக்கு மட்டும், சட்டமன்றம் உள்ள யூனியன் பிரதேசம் "மாநிலம்" என்று அரசியல் சட்டத்திலேயே எழுதினார்கள். கொடுக்கும்போது மாநிலம் அல்ல. வரி உரிமையைச் சேர்த்துக்கட்டும்போது மாநிலம்! இது என்ன நியாயம்?

அந்த வரிக்கான மன்றத்தில் மத்திய அரசின் வாக்குக்கு மூன்றில் ஒரு பங்கு எடை. மாநிலங்கள் அனைத்தும் சேர்ந்து மூன்றில் இரு பங்கு. முடிவெடுக்க நான்கில் மூன்று பங்கு வேண்டும். அதாவது, எல்லா மாநிலங்களும் ஒன்று கூடினாலும் டில்லி தலையசைக்காவிடில் ஒன்றும் நடவாது. ஐந்தாண்டுக்கு இழப்பீடு தருவோம் என்றார்கள். 2022 ஜூன் 30-உடன் அதுவும் முடிந்தது.

மிச்சம் என்ன? மது, பெட்ரோல், பத்திரப்பதிவு, வாகனவரி. தாய்மார்களே, உங்களுக்குச் சொல்கிறேன். மற்ற வாசல்களை அடைத்துவிட்டு மதுக்கடை வாசலை மட்டும் திறந்துவைத்தால், எந்த அரசு வந்தாலும் கஜானா அந்த வாசலையே பார்த்து நிற்கும். பிள்ளையின் பள்ளிக்கூடம் தந்தையின் குடிப்பழக்கத்தை நம்பி நடக்கும் கொடுமை அங்கே பிறக்கிறது.

உறைந்துபோன வரம்பு

வரம்பு கட்டும் அரசியல் சட்டத்துக்கு ஓர் எடுத்துக்காட்டு, கொம்யூன் பஞ்சாயத்து வசூலிக்கும் தொழில்வரி. ஓராண்டுக்கு ஒருவரிடம் 250 ரூபாய்க்கு மேல் கூடாது என்று அரசியல் சட்டத்தின் 276-ஆவது பிரிவில் எழுதினார்கள். 1988-இல் அதனை 2,500 ஆக்கினார்கள். 12,000 ஆக்குக என்றது 14-ஆவது நிதிக்குழு. 18,000 ஆக்குக என்றது 15-ஆவது நிதிக்குழு. வரம்போ அசையவில்லை. மாதச் சம்பளக்காரரும் கோடி சம்பாதிப்பவரும் ஒரே உச்சத்தில் நிற்கிறார்கள். ஏழையைக் காக்க எழுதிய வரம்பு, காலம் செல்லச் செல்லச் செல்வனுக்குக் குடையாயிற்று.

அமெரிக்காவில் கலிபோர்னியா மாநில மக்கள் 1978-இல் தாமே வாக்களித்துச் சொத்துவரிக்கு ஒரு விழுக்காடு உச்சவரம்பு கட்டினர். விளைவு? பள்ளிகளுக்கான பணம் ஊரைவிட்டு மாநிலத் தலைநகரின் கைக்கு மாறிற்று. பணம் போன இடத்துக்கே அதிகாரமும் போயிற்று. ஆனால் அங்கே வரம்பைக் கட்டியவர் மக்கள். வேண்டாமென்றால் அவிழ்க்கும் உரிமையும் அவர்களுடையது. அதுதான் வேறுபாடு.

நம் வீட்டுப் பூட்டு

டில்லியைக் கேட்கும் நாக்கு உள்ளூரையும் கேட்கவேண்டும். 1968-க்குப் பின் 38 ஆண்டுகள் கழித்து, 2006-இல்தான் புதுவையில் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. 2011-இல் அதன் காலம் முடிந்தது. அதன் பிறகு ஆண்டுகள் பல தேர்தலின்றியே கழிந்தன. வில்லியனூருக்கும் பாகூருக்கும் தலைவர் இல்லை, அதிகாரிதான். டில்லி நமக்குச் செய்வதை நாம் கொம்யூனுக்குச் செய்யலாமா? ஆண்டவர் அனைவரும், எக்கட்சியினராயினும், பதில் சொல்லியாக வேண்டும்.

மாநிலத் தகுதி கோரிச் சட்டமன்றம் பலமுறை தீர்மானம் போட்டுவிட்டது. மாநிலமாகிவிட்டால் தேனாறு ஓடும் என்று நான் பசப்ப மாட்டேன். மாநிலத்துக்கும் கடன் வரம்பு உண்டு. அந்த வரம்பை எதிர்த்துக் கேரளம் தொடுத்த வழக்கை 2024 ஏப்ரல் 1-இல் ஐந்து நீதிபதிகள் அமர்வுக்கு அனுப்பியது உச்ச நீதிமன்றம். வரப்பு அங்கும் இருக்கும். இருக்கட்டும்! ஆனால் மதகு நம் கையில் இருக்கும்.

ஆகவே நாம் கேட்பது மூன்று. நம் வரவு செலவுத் திட்டத்தை நம் சட்டமன்றமே முடிவு செய்யவேண்டும். நிதிக்குழுவின் பந்தியில் நமக்கும் இலை வேண்டும். கொம்யூன் பஞ்சாயத்துக்குத் தேர்தலும், வரி வருவாயும் வேண்டும்.

தோழர்களே! ஊர் திரும்பியதும் திண்ணையில், தேநீர்க் கடையில், களத்துமேட்டில், இந்த ஒரு கேள்வியை மட்டும் போடுங்கள்: "வரி கட்டுபவன் நான், செலவுக்குக் கணக்குக் கேட்க வேண்டியவனும் நான், இடையில் பூட்டோடு நிற்பவர் யார்?" விடை தேடி மக்கள் நிமிரும் நாளில், எந்தப் பூட்டும் நில்லாது.