சூடு பட்டால் சுருங்கும் ஜெல்: பார்வைக்கு ஒரு புதிய துணை

(அறிவியல் அரங்கம் தொலைக்காட்சி உரையின் எழுத்து வடிவம்)



அகார் அகார் செய்யத் தெரியாத வீடு பினாங்கில் அபூர்வம். கடற்பாசியைத் தண்ணீரில் போட்டுக் கொதிக்க வைத்தால் கரைகிறது. தட்டில் ஊற்றி ஆற வைத்தால் உறைகிறது. சூட்டில் இளகும், குளிரில் இறுகும். சமையலறை சொல்லித் தரும் பாடம் இதுதான்.

இந்தப் பாடத்தைத் தலைகீழாக்கும் பொருள் ஒன்று உண்டு. அது குளிர்ந்த தண்ணீரில் ஊறிப் பெருக்கும். சூடு ஏறினால் தண்ணீரைக் கக்கிவிட்டுச் சுருங்கும். அதன் வேதியியல் பெயர் பாலி-என்-ஐசோபுரோபைல் அக்ரிலமைடு. ஆய்வாளர்கள் சுருக்கமாக 'பிநிபாம்' என்பார்கள்.

32 பாகையில் நடக்கும் மாற்றம்

இந்தப் பொருள் மனம் மாறும் வெப்பநிலை சுமார் 32 பாகை செல்சியஸ். ஜார்ஜ்டவுன் மக்களுக்கு இது பழகிப்போன எண். மத்தியான வெயிலில் லெபோ பாசாரில் நடப்பவர் உணரும் சூடு ஏறக்குறைய இதுதான். குளிர்சாதன அறையில் வைத்தால் இந்த ஜெல் ஊதியிருக்கும். ஐந்தடி நடைபாதைக்குக் கொண்டு வந்தால் சுருங்கத் தொடங்கிவிடும்.

காரணம் என்ன? பாலிமர் என்பது நீளமான மூலக்கூறுச் சங்கிலி. பிநிபாம் சங்கிலியில் தண்ணீரை விரும்பும் பகுதியும் உண்டு, எண்ணெயைப் போலத் தண்ணீரை வெறுக்கும் பகுதியும் உண்டு. குளிரில், விரும்பும் பகுதி தண்ணீரைப் பிடித்துக் கொள்கிறது. வெறுக்கும் பகுதியைச் சுற்றியும் நீர் மூலக்கூறுகள் ஒழுங்காக அணிவகுத்து நிற்கின்றன. சூடு ஏறும்போது அந்த அணிவகுப்பு கலைகிறது. தண்ணீர் விலகுகிறது. வெறுக்கும் பகுதிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ள, விரிந்திருந்த சங்கிலி சுருண்டு விடுகிறது.

சூட்டில் வெந்த முட்டையை ஆற வைத்தாலும் பழைய முட்டை ஆகாது. இந்த ஜெல் அப்படியல்ல. ஆற வைத்தால் மீண்டும் தண்ணீரை உறிஞ்சிப் பழைய உருவத்துக்கு வந்துவிடும்.

பந்துக்குள் என்ன இருக்கிறது?

ஜெல்கள் இப்படித் திடீரெனச் சுருங்கும் என்பதை அமெரிக்காவில் பணியாற்றிய இயற்பியலாளர் தோயோயிச்சி தனாக்கா 1978-இல் விளக்கினார். 1986-இல் பெல்டன், சிபான்டே என்ற இருவர் பிநிபாமைக் கண்ணுக்குத் தெரியாத நுண்பந்துகளாகச் செய்தார்கள். மைக்ரோஜெல் என்பது இதுதான். ஒரு பந்தின் குறுக்களவு பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு.

இந்தப் பந்து உள்ளும் புறமும் ஒரே மாதிரி இருப்பதில்லை. தயாரிக்கும்போது, சங்கிலிகளை முடிச்சுப் போடும் வேதிப்பொருள் முந்திக்கொண்டு தீர்ந்து போகிறது. அதனால் நடுவில் முடிச்சுகள் நெருக்கமாகவும் ஓரத்தில் தளர்வாகவும் அமைகின்றன. ரம்புத்தான் பழத்தை நினைத்துக் கொள்ளுங்கள்: உள்ளே கெட்டி, வெளியே மயிர்க்கற்றை. 2004-இல் வெளியான நியூட்ரான் சிதறல் ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. சூடாக்கினால் அந்த வெளிமயிரும் உள்ளே மடங்கி, பந்து சீரான கெட்டி உருண்டை ஆகிறது. குறுக்களவு பாதியானால் கன அளவு எட்டில் ஒரு பங்காகிவிடும். தெளிவாக இருந்த கரைசல், கெட்டிப்பட்ட பந்துகள் ஒளியைச் சிதறடிப்பதால் பால் போல வெளுக்கிறது.

பார்வை இழந்தவருக்கு என்ன பயன்?

வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பு ஒரு துளி கண்ணில் தெறித்தால் போதும், பார்வையே போகலாம். கருவிழியின் ஓரத்தில், மேல்தோலைப் புதுப்பித்துக்கொண்டே இருக்கும் மூல உயிரணுக்கள் இருக்கின்றன. அவை கருகிவிட்டால், தானமாகக் கிடைத்த கருவிழியைப் பொருத்தினாலும் நிலைப்பது கடினம். புதிய உயிரணுக்களை வெளியே வளர்த்துத்தான் வைக்க வேண்டும்.

வளர்ப்பதில் ஒரு சிக்கல். தட்டில் வளர்ந்த உயிரணுக்களைப் பிரித்தெடுக்க என்சைம் ஊற்றினால், அவை ஒன்றையொன்று பிடித்திருக்கும் பிணைப்பும் அறுந்து போகும். ஜப்பானில் தெருவோ ஒக்கானோவின் குழுவினர் தட்டின் மேல் பிநிபாமை மெல்லிய பூச்சாகப் பூசினார்கள். உடல் சூடான 37 பாகையில் பூச்சு சுருங்கியிருக்கும். உயிரணுக்கள் ஒட்டி வளரும். 20 பாகைக்குக் குளிர்வித்தால் பூச்சு தண்ணீரை உறிஞ்சி உப்பும். உயிரணுக்கள் முழு ஏடாக, பாலாடை போலக் கழன்று வரும். 2004-இல், நான்கு நோயாளிகளின் வாயின் உட்புறத் தோலிலிருந்து இப்படி ஏடு வளர்த்துக் கண்ணில் வைத்ததில் நால்வருக்கும் பார்வை மேம்பட்டதாக ஜப்பானிய மருத்துவர்கள் அறிவித்தார்கள்.

சென்னையிலும் இந்த முயற்சி நடந்தது. சங்கர நேத்ராலயா ஆய்வாளர்கள் 'மெபியோல் ஜெல்' என்ற பொருளில் கருவிழி ஓர உயிரணுக்களை வளர்த்து 2006-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். இதுவும் பிநிபாம் குடும்பம்தான். ஆனால் இங்கே சங்கிலிகள் தனித்தனிப் பந்தாகச் சுருளாமல் ஒன்றோடொன்று கோத்துக்கொள்கின்றன. ஆகவே குளிரில் திரவம், சூட்டில் ஜெல். உயிரணுக்களைக் குளிர்ந்த திரவத்தில் கலந்து, சூடாக்கி வளர்த்து, மறுபடி குளிரவைத்து எடுத்துவிடலாம். 2009-இல் வெளியான அடுத்த ஆய்வில், புண்பட்ட முயல் கண்களின் மேற்பரப்பு மீண்டு வந்தது.

அவசரம் வேண்டாம்

இதைக் கேட்டவுடன் நாளைக்கே மருந்தாகிவிடும் என்று எண்ண வேண்டாம். பிநிபாமின் மூலப்பொருள் நச்சுத்தன்மை உள்ளது. மிச்சம் மீதி இல்லாமல் கழுவி அகற்ற வேண்டும். இதயத்துக்கான உயிரணு ஏடு ஒன்று ஜப்பானில் 2015-இல் நிபந்தனையோடு அனுமதி பெற்றது. போதிய பலன் நிரூபிக்கப்படவில்லை என்பதால் 2024-இல் அதற்கு முழு அனுமதி கிடைக்கவில்லை. ஜெல் சொன்னபடி கேட்கலாம். நோயாளியின் உடலும் கேட்க வேண்டுமே!

அதுவரை கையில் உள்ள மருந்து தண்ணீர்தான். சுண்ணாம்போ அமிலமோ கண்ணில் பட்டால், கசக்காமல், அந்த நொடியே சுத்தமான தண்ணீரை ஊற்றிக் குறைந்தது கால் மணி நேரம் கழுவுங்கள். பிறகு மருத்துவமனைக்கு ஓடுங்கள். சுண்ணாம்பு டப்பாவைப் பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். எந்த ஆய்வுக்கூடமும் திருப்பித் தரச் சிரமப்படும் பார்வையை, ஒரு குடம் தண்ணீர் காப்பாற்றிவிடக்கூடும்.