தூக்குமரமும் கொலைச்சிந்தும்



1799 அக்டோபர் 16-இல் கயத்தாற்றில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டபோது, பாளையக்காரர்களைக் கூட்டிவைத்துக் காணச் செய்தனர் வெள்ளையர். கண்டவர் அஞ்சி அடங்குவர் என்பது அவர்தம் கணக்கு. நம் சேலத்து மண்ணிலும் 1805 சூலை 31-இல் சங்ககிரிக் கோட்டையில் தீரன் சின்னமலையும் உடன்பிறந்தாரும் தூக்கிலேறினர். அக்கணக்குப் பொய்த்தது. கட்டபொம்மன் சாவு கதைப்பாடலாயிற்று. 1764-இல் மதுரையில் தூக்கிலிடப்பட்ட கான்சாகிபுவின் கதையும் பாட்டாயிற்று. அவற்றைத் தேடிப் பதிப்பித்தவர் பேராசிரியர் நா. வானமாமலை.

பின்னாளில் தூக்குமரம் சிறைமதிலுக்குள் மறைந்தது. கண்ணாற் காணாத மக்களுக்குக் கொலைச்சிந்தே கண்ணாயிற்று. எட்டுப் பக்கம், மட்டத்தாள், சில காசு விலை. சந்தையிலும் தேர்த்திருவிழாவிலும் ஒருவர் பாட, மற்றொருவர் பின்பாடி விற்பர். கொலை நடந்த ஊர், நாள், பகைக்குற்ற காரணம், வெட்டிய அரிவாள், தாயின் ஒப்பாரி, வழக்குமன்றத் தீர்ப்பு, தூக்குக்கயிறு என்று அது நடக்கும். இலண்டன் தெருக்களிலும் இத்தகைய தூக்குப்பாட்டுத் தாள்கள் விற்றன. அங்கே பொதுத்தூக்கு 1868-இல் முடிந்தது. ஆயினும் நாம் எவரிடமும் கடன் வாங்கவில்லை. திருடிக் கால் வெட்டுண்டவன் தன் கதையைத் தானே கூறும் நொண்டிநாடகம் நம்மிடம் முன்பே உண்டு. அந்த நொண்டிச்சிந்தைப் பாரதியாரும் கையாண்டார்.

புலவர் பலர் கொலைச்சிந்தைத் தொடவும் கூசினர். கூசியதற்குக் காரணமும் உண்டு. 'பரிதாபம்', 'பயங்கரம்' என்று வடசொற்கள் அட்டையிலேயே மலிந்திருக்கும். கொலைகாரன் ஒருவனைக் கொன்றான். அச்சிட்டவரோ தமிழைக் கொன்றார்! ஆனால் உள்ளே செல்க. ஒப்பாரிப் பகுதியில் வடசொல் அருகிவிடும். பிள்ளையை இழந்த தாய் தன் வீட்டுத் தமிழிலன்றோ அழுவாள்? அரிவாளும் ஏரும் வரப்பும் கிணற்றடியும் பேச்சுவழக்கில் எவ்வாறு வழங்கினவோ அவ்வாறே அங்கு நிற்கின்றன. 1944 முதல் 1956 வரை சேலம் நகராட்சிக் கல்லூரியில் பணியாற்றிய பாவாணர், உழவர் வாய்ச்சொல்லையும் ஆய்வுக்குரிய சான்றாகக் கொண்டார் என்பதை மறத்தல் ஆகாது.

ஆள்வோர் இப்பாட்டின் ஆற்றலை நன்கறிந்திருந்தனர். 1931-இல் பகத்சிங் தூக்கிலிடப்பட்டபின் வெளிவந்த தமிழ்ப் பாட்டுநூல்கள் சிலவற்றை ஆங்கில அரசு தடைசெய்தது. தடைசெய்தோர் அவற்றுக்குப் படி எடுத்து வைத்தனர், பாடியோர் வைக்கவில்லை.

நாமக்கல், திருச்செங்கோடு, ஆத்தூர்ப் பக்கத்து அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள்: பொங்கலுக்கு முன்னாள் பரண் துடைத்துப் பழையன எரிக்கையில், அட்டையிழந்த எட்டுப்பக்கச் சுவடி கிடைத்தால் நெருப்பிலிடாது மன்றத்துக்கு விடுத்துதவுக. கறையான் அரித்திருப்பினும் ஆகும்.