நுனித் தோலில் இருக்கிறது ஆட்டம்



ஸ்னூக்கர் ஆட்டத்துக்கும் நம் நீலகிரிக்கும் உறவு உண்டு. 1875இல் ஜபல்பூரில், நெவில் சேம்பர்லின் என்ற பிரிட்டிஷ் படை அதிகாரி பில்லியர்ட்ஸ் மேசையில் வண்ணப் பந்துகளைக் கூட்டி ஆடத் தொடங்கினார். அந்த ஆட்டத்தின் விதிகள் 1880களில் ஊட்டி கிளப்பில் ஒழுங்குபடுத்தப்பட்டன. இன்று அதே ஆட்டம் நம் நகரங்களின் மாடிப்படி ஏறிப் போகும் பார்லர்களில் நடக்கிறது. அங்கே ஆடப் பழகும் பிள்ளைகள் கொஞ்சம் கை தேறியதும் கேட்கும் முதல் கேள்வி, "எந்தக் கியூ வாங்கலாம்?" என்பதுதான். கடைக்காரர் கைப்பிடியின் வேலைப்பாட்டிலிருந்து பேச்சைத் தொடங்குவார். நான் மறுமுனையிலிருந்து தொடங்குகிறேன்.

கியூ என்பது வெள்ளைப் பந்தை அடிக்கும் கோல். ஸ்னூக்கர் கியூ ஏறக்குறைய நாலேமுக்கால் அடி நீளம், அரைக் கிலோ எடை. இத்தனையிலும் பந்தைத் தொடுவது நுனியில் ஒட்டியிருக்கும் தோல் மட்டும்தான். டிப் என்கிறோமே, அது. சட்டைப் பொத்தான் அகலம்தான் இருக்கும். பந்தோடு அது சேர்ந்திருக்கும் நேரம் ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவு. பந்து எந்த வேகத்தில் போகும், எப்படிச் சுழலும் என்பதெல்லாம் அந்தக் கணத்தில் தீர்மானமாகிவிடும். அதற்குப் பிறகு நம்மால் செய்யக்கூடியது எதுவும் இல்லை.

ஒரு காலத்தில் நுனியில் தோல் கிடையாது, வெறும் மரம்தான். பந்தின் நடுவை விட்டுக் கொஞ்சம் விலகி அடித்தால் மரம் வழுக்கிவிடும். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரான்சுவா மெங்கோ என்ற பிரெஞ்சுப் படை கேப்டன், பாரிஸ் சிறையில் இருந்த காலத்தில், கியூ நுனியில் தோல் வைத்து ஆடிப் பார்த்தார் என்பது வரலாறு. பந்து முன்னால் போய் மோதிவிட்டு அடித்தவரிடமே திரும்பி வருவதைக் கண்டவர்கள் வாயடைத்துப் போனார்கள். பின்னால், 1827இல், தன் உத்திகளை அவர் புத்தகமாகவும் வெளியிட்டார். இன்று நாம் பந்தைப் பின்னுக்கு இழுக்கும் ஸ்க்ரூ பேக் என்றும், பக்கவாட்டில் சுழற்றும் சைடு என்றும் சொல்கிற அத்தனை வித்தைக்கும் தாய் அந்தத் தோல்தான்.

தோலுக்குத் துணை சாக். பெயர்தான் சாக், பள்ளிக்கூடச் சாக்பீஸுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. 1897இல் அமெரிக்காவில் வில்லியம் ஸ்பிங்க்ஸ் என்ற ஆட்டக்காரரும் வில்லியம் ஹாஸ்கின்ஸ் என்ற வேதியியலரும் சேர்ந்து காப்புரிமை பெற்ற கலவையின் வழி வந்தது அது. அதிலுள்ள சிலிக்கா போன்ற நுண்துகள்கள் தோலுக்கும் பந்துக்கும் இடையே பிடிமானம் தருகின்றன. அப்படியும் ஓர் எல்லை உண்டு. பந்தின் நடுவிலிருந்து விளிம்புவரை உள்ள தூரத்தில் பாதியைத் தாண்டி அடித்தால், எவ்வளவு சாக் பூசியிருந்தாலும் வழுக்கத்தான் செய்யும்.

சரி, எந்த டிப்? இரண்டு வகை இருக்கிறது. ஒரே துண்டுத் தோலை அழுத்திச் செய்தது ஒன்று; எல்க் மாஸ்டர், ப்ளூ டைமண்ட் என்ற பெயர்களில் கிடைப்பவை இந்த வகை. மெல்லிய பன்றித்தோல் படலங்களை அடுக்கி ஒட்டியது மற்றொன்று; ஜப்பானின் கமுய் இதில் பெயர் பெற்றது, விலையும் கூடுதல். மென்மையான தோல் சாக்கை நன்றாகப் பிடிக்கும், ஆனால் சீக்கிரம் சப்பையாகி விளிம்பு வெளியே பிதுங்கும். கடினமான தோல் வடிவம் மாறாது, ஆனால் பளபளப்பேறிச் சாக் ஒட்டாமல் போகும். புதிதாக ஆடுபவருக்கு என் யோசனை இதுதான்: ஒரே துண்டுத் தோல், நடுத்தரக் கடினம், ஒன்பதரை மில்லிமீட்டர் அகலம். பூல் ஆட்டத்தில் பந்து பெரிது, அதற்கு 13 மில்லிமீட்டர் வரை போவார்கள். அதை ஸ்னூக்கர் மேசைக்குக் கொண்டுவராதீர்கள்.

டிப் ஒட்டுவதை நீங்களே கற்றுக்கொள்ளுங்கள். பழைய தோலைப் பிளேடால் சீவி எடுங்கள். கியூ நுனியில் உலக்கைக்குப் போட்டதுபோல் ஒரு பித்தளைப் பூண் இருக்கும். அதன் தலையில் பழைய பசை துளிகூட மிஞ்சக் கூடாது. ஓர் எஃகு அளவுகோலை அதன்மேல் நிறுத்தி வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். இடுக்கில் ஒளி கசிந்தால் தளம் சமமாக இல்லை என்று பொருள். புது டிப்பின் அடியையும் உப்புத்தாளில் லேசாகத் தேயுங்கள். ஒரே ஒரு சொட்டுப் பசை விட்டு, நடுவில் வைத்து அழுத்தி, ஓர் இரவு விட்டுவிடுங்கள். அவசரப்படுவதால்தான் பாதி டிப்புகள் கழன்று விழுகின்றன. மறுநாள் கியூவைத் தலைகீழாகத் திருப்பி, டிப்பைப் பலகைமேல் ஊன்றி, பூணுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் தோலைக் கூரான பிளேடால் மேலிருந்து கீழாகச் சீவுங்கள். பூணைச் சுற்றி ஒட்டுநாடா போட்டுக்கொண்டால் பித்தளையில் கீறல் விழாது. பக்கவாட்டை ஈரத் துணியால் தொட்டு, காய்வதற்குள் ஒரு தோல் துண்டால் வேகமாகத் தேய்த்தால் அது இறுகிக் கறுத்து மின்னும். அப்படி இறுகிய டிப் எளிதில் பிதுங்காது. கடைசியாக மேற்பகுதியை மெல்லக் குவித்துவிட வேண்டும். தட்டையாக விட்டால் சைடு அடிக்கும்போது விளிம்பு மட்டும் படும், பந்து நழுவும். இவ்வளவு செய்தாலும் புது டிப் சில மணி நேரம் ஆடிய பிறகே பக்குவப்படும். போட்டிக்கு முதல் நாள் டிப் மாற்றாதீர்கள்.

இப்போது கழிக்கு வருவோம். ஆஷ், மேப்பிள் என்று இரண்டு மரங்கள்தான் பெரும்பாலும். ஆஷ் மரத்தில் அம்பு முனை அம்பு முனையாக ரேகை ஓடும். பலர் அந்த அம்புகளை எப்போதும் மேல்பக்கம் பார்க்கும்படி பிடிப்பார்கள். அதனால் ஒவ்வொரு அடிக்கும் கியூ ஒரே நிலையில் கைக்கு வருகிறது. மேப்பிளில் ரேகை தெரியாது, தடவினால் வழவழப்பாக இருக்கும். இதில் உயர்ந்தது தாழ்ந்தது என்று ஒன்றும் இல்லை, கைக்குப் பிடித்ததை எடுங்கள். நேராக இருக்கிறதா என்று பார்க்க மேசையில் உருட்டுவார்கள். அதைவிட, அடிப்பக்கத்தைக் கன்னத்தருகே வைத்து, ஒரு கண்ணை மூடி, நுனிவரை பார்வையை ஓட்டி, மெல்லச் சுழற்றிப் பார்ப்பது நல்லது.

கைப்பிடிக்குக் கருங்காலி போடுகிறார்கள். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் வளரும் கருங்காலி இதற்குப் பெயர் போனது. கறுப்பு மரம் கழிக்குள் கூர் கூராக ஏறியிருக்கும் நான்கு முனைகளைப் பாருங்கள். மேடு பள்ளமாகப் பல்வரிசைபோல் தெரிந்தால் இயந்திரம் இணைத்தது, வழுக்கிப் போகும் வளைவாக இருந்தால் கையால் இணைத்தது. கைவேலைக்கு விலை அதிகம். பந்துக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

நீங்கள் பார்க்க வேண்டியது நீளமும் எடையும்தான். மேசையில் குனிந்து, நுனியை வெள்ளைப் பந்துக்கு அருகே கொண்டுபோய் நில்லுங்கள். அந்த நிலையில் பின்கையின் முழங்கைக்குக் கீழ்ப்பகுதி நேராகத் தரையை நோக்கித் தொங்க வேண்டும். அப்போது கை, கைப்பிடியின் கடைக்கோடியில் இருந்தால் கியூ உங்களுக்குச் சிறியது. பின்னால் நிறைய மிச்சமிருந்தால் பெரியது. எடை 17 முதல் 19 அவுன்ஸுக்குள் இருந்தால் போதும். நீளத்தைக் குறைக்கச் சொல்பவர்கள் ஒன்றை நினைவில் வையுங்கள். அடியில் வெட்டினால் எடையும் சமநிலையும் மாறும், நுனியில் வெட்டினால் கழி தடித்து விறைப்பாகும். எந்தப் பக்கம் வெட்டப் போகிறார் என்று கடைக்காரரிடம் கேட்டுவிட்டே கொடுங்கள்.

ஸ்காட்லாந்தின் ஸ்டீபன் ஹெண்ட்ரி சிறுவயதில் கிடைத்த, 40 பவுண்டு பெறுமான சாதாரணக் கியூவை வைத்தே ஏழு உலகப் பட்டங்களை வென்றார். 2003இல் விமானப் பயணத்தில் அது உடைந்து போனது. பழகிய கியூ ஏன் முக்கியம்? சைடு கொடுத்து அடிக்கும்போது வெள்ளைப் பந்து எதிர்ப்பக்கமாகச் சற்று விலகும், அந்த விலகல் ஒவ்வொரு கியூவுக்கும் வேறு. பல ஆண்டுகள் ஆடி ஆடித்தான் கண் அதற்குப் பழகுகிறது. ஆகவே ஒன்றைத் தேர்ந்தால் விடாதீர்கள், மாதம் ஒன்று மாற்றாதீர்கள். நம் கடற்கரை ஊர்களின் ஈரக்காற்றிலும் வெயிலில் நிற்கும் காருக்குள்ளும் அதைப் போட்டு வைக்காதீர்கள். சுவரில் சாய்த்து வைக்கவும் வேண்டாம், வளைந்துவிடும்.

சொந்தக் கியூ வாங்க எல்லோராலும் முடியாது. நிறையப் பிள்ளைகள் பார்லரின் பொதுக் கியூவில்தான் ஆடுகிறார்கள். அவற்றில் பலவற்றின் டிப், பூண் தெரியும் அளவுக்குத் தேய்ந்து கிடக்கிறது. பந்து நழுவும்போது பிள்ளை தன் கையில்தான் குறை என்று நினைத்து மனம் தளர்ந்துவிடுகிறது. பார்லர் நடத்துபவர்களே, ஒரு டிப்புக்கு ஆகும் செலவு மிகக் குறைவு. உங்கள் சுவரில் நிற்கும் கியூக்களை இந்த வாரமே ஒவ்வொன்றாக எடுத்துப் பாருங்கள், தேய்ந்த டிப்புகளை மாற்றிவிடுங்கள். ஆடப் போகிறவர்களே, மாற்றித் தரும்படி கூசாமல் கேளுங்கள்.