அம்பாசிடருக்கு வேறு எஞ்சின்



மேற்கு வங்காளத்தில் உத்தர்பாராவில் இருந்த ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் தொழிற்சாலையில் 2014-ஆம் ஆண்டு மே மாதம் அம்பாசிடர் கார் உற்பத்தி நின்றுபோனது. உற்பத்திதான் நின்றதே தவிர, வண்டிகள் நிற்கவில்லை. கல்யாண மண்டப வாசலிலும், பழைய டாக்டர் வீட்டுப் போர்ட்டிகோவிலும் இன்றைக்கும் ஓர் அம்பாசிடரைப் பார்க்கலாம். கனத்த தகடு, டிங்கர் வேலை பார்த்துப் பெயின்ட் அடித்துவிட்டால் பாடி இன்னும் பல வருஷம் தாங்கும். எஞ்சின்தான் தளர்ந்துபோகும். மேட்டில் இழுவை இருக்காது. பின்னால் நீலப் புகை. ஊற்றிய ஆயில் எங்கே போயிற்று என்றே தெரியாது. உடனே வீட்டில் பேச்சு எழும்: "பேசாம வேற எஞ்சின் வாங்கி மாட்டிடலாமா?"

மாட்டலாம். ஆனால் மாற்றத்தான் வேண்டுமா என்பதை முதலில் பார்த்துவிட வேண்டும். என் கட்சி இதுதான்: அம்பாசிடருக்குப் பொருத்தமான எஞ்சின் பெரும்பாலும் அதன் பானட்டுக்குள்ளேயே இருக்கிறது.

பழைய அம்பாசிடரில் இருப்பது 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சின். இங்கிலாந்தின் பி.எம்.சி. நிறுவனத்தார் வடிவமைத்த 'பி சீரிஸ்' வகை. சிலிண்டரின் விட்டம் சுமார் 73 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் சுமார் 89. பிளாக் முழுக்க வார்ப்பிரும்பு. சிலிண்டர் தேய்ந்தால் லேத் பட்டறையில் போரிங் செய்து ஓவர்சைஸ் பிஸ்டன் போடலாம். அதற்கும் இடமில்லாத அளவுக்குத் தேய்ந்திருந்தால் ஸ்லீவ் அடித்துப் பழைய அளவுக்கே கொண்டுவரலாம். கிராங்கைக் கிரைண்டிங் பிடித்து, பேரிங் மாற்றி, ஹெட்டில் வால்வு வேலை பார்த்தால் அதே எஞ்சின் இன்னொரு சுற்று ஓடும். எஞ்சின் நம்பர் மாறாது, ஆர்.சி. புக்கில் ஒரு எழுத்தும் மாறாது. கனெக்டிங் ராடு உடைந்து பிளாக்கைக் கிழித்திருந்தாலோ, சூடேறி பிளாக்கில் விரிசல் விழுந்திருந்தாலோதான் வேறு வழி தேட வேண்டும்.

அப்படித் தேடும்போது அதே 1489 பெட்ரோல் எஞ்சின் கிடைத்தால் யோசிக்கவே வேண்டாம். ஹிந்துஸ்தான் மோட்டார்ஸின் ஆரம்பகால கான்டெஸா காரிலும் அந்த எஞ்சின் வந்திருக்கிறது. கழற்றிய இடத்தில் பெரிய வெட்டு வேலை இல்லாமல் உட்காரும். பலருக்கு ஆசை அதோடு நிற்பதில்லை. 1990-களில் அம்பாசிடரில் வந்த இசுஸு பெட்ரோல் எஞ்சின் மீதுதான் கண். 1817 சி.சி., 75 குதிரைத்திறன். பழையது 50 சொச்சம்தான். கான்டெஸா கிளாசிக்கிலும் இதே இசுஸுதான். அதே கம்பெனி, அதே அம்பாசிடர், அப்படியே தூக்கி வைத்துவிடலாம் என்று தோன்றும்.

இங்கேதான் செலவு ஏறுகிறது. எஞ்சினுக்குப் பின்னால் பெல் ஹவுசிங் இருக்கிறது. எஞ்சினும் கியர்பாக்ஸும் போல்ட் போட்டுச் சேருமிடம் அது. போல்ட் துளை நூலிழை விலகினாலும் சேராது. துளை சேர்ந்தாலும் போதாது. கியர்பாக்ஸிலிருந்து நீண்டு வரும் ஷாஃப்டின் நுனி, கிராங்கின் பின்முனையில் இருக்கும் சின்ன புஷ்ஷுக்குள் ஆட்டமில்லாமல் உட்கார வேண்டும். கிளட்ச் பிளேட்டின் நடுவிலுள்ள பற்கள் அந்த ஷாஃப்டின் பற்களோடு ஒத்துப்போக வேண்டும். நடுமையம் சற்றே தப்பினாலும் வண்டி ஓடத்தான் செய்யும். கொஞ்ச நாளில் கிளட்ச் அதிரும், கியர்பாக்ஸ் பேரிங் கத்தும். ஆகவே இசுஸு வாங்குகிறவர்கள் எஞ்சினைத் தனியாக வாங்கக் கூடாது. அதன் ஐந்து கியர் பெட்டி, ஃப்ளைவீல், கிளட்ச் செட், எஞ்சின் மவுண்ட், எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு எல்லாம் ஒரே வண்டியிலிருந்து சேர்த்து வாங்க வேண்டும். அடாப்டர் பிளேட் செய்து தருகிறேன் என்று சொல்லும் பட்டறைகள் உண்டு. நல்ல லேத்காரர் கையில் அது நன்றாகவே அமையும். எல்லார் கையிலும் அமையாது.

கியர் பெட்டி மாறினால் அடுத்தது ப்ரொபெல்லர் ஷாஃப்ட். நீளம் மாறினால் வெட்டி வெல்டு வைத்து பேலன்ஸ் பார்க்க வேண்டும். உங்கள் வண்டி ஸ்டியரிங் பக்கத்தில் கியர் உள்ள பழைய மாடல் என்றால் தரையில் துளை போட்டாக வேண்டும். ரேடியேட்டர் போதுமா, சம்ப் கீழே குறுக்குச் சட்டத்தில் இடிக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். இவ்வளவும் முடிந்தபின், நான்கு சக்கரமும் டிரம் பிரேக்கோடு இருக்கும் வண்டிக்குள் ஒன்றரை மடங்கு சக்தி வந்திருக்கிறது. எஞ்சினுக்குச் செலவழித்தவர்கள் பிரேக்கைப் பற்றிப் பேசுவதே இல்லை. எனக்கு அதுதான் பெரிய கவலை.

டீசல் ஆசையும் பழசுதான். பெட்ரோல் விலைக்குப் பயந்து அம்பாசிடரில் மேட்டடார் வேனின் டீசல் எஞ்சினை ஏற்றிய காலம் ஒன்று இருந்தது. மைலேஜ் கிடைத்தது. ஆனால் எஞ்சின் கனத்தில் வண்டியின் மூக்கு இறங்கும். அம்பாசிடரின் முன்பக்கம் சுருள் ஸ்பிரிங் கிடையாது, டார்ஷன் பார். அதை முறுக்கித் தூக்கிவிட்டாலும் ஸ்டியரிங்கின் பாரம் குறையாது. டீசல் எஞ்சின் அதிகம் சுழலாது என்பதால் கிரவுன் பினியனின் விகிதமும் அதற்கு ஒத்துவர வேண்டும். இல்லாவிட்டால் நெடுஞ்சாலையில் எஞ்சின் அலறுமே தவிர வண்டி போகாது.

சரி, எங்கே வாங்குவது? சென்னை என்றால் புதுப்பேட்டை, கோவை என்றால் உக்கடம். எஞ்சினைத் தரையில் வைத்து, பேட்டரியும் ஒரு பாட்டில் பெட்ரோலும் கொடுத்து ஸ்டார்ட் செய்து காட்டச் சொல்லுங்கள். அதற்கு முன் பிளாக்கைத் தொட்டுப் பாருங்கள். ஏற்கெனவே சூடாக இருந்தால், நீங்கள் வருமுன்பே ஓட்டிப் பழக்கியிருக்கிறார்கள். ஆறவிட்டு மறுபடி கேளுங்கள். டிப்ஸ்டிக்கில் ஆயில் பால் விட்ட காபி நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது, நடையைக் கட்டலாம். ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்தால் குபுகுபுவென்று புகை வருகிறதா? அதுதான் மெக்கானிக்குகள் சொல்லும் பேக் கம்ப்ரஷன். உங்கள் பழைய எஞ்சினின் வியாதியே இதற்கும் இருக்கிறது என்று அர்த்தம். கம்ப்ரஷன் கேஜ் வைத்தால் நான்கு சிலிண்டரும் ஏறக்குறைய ஒரே அளவு காட்ட வேண்டும்.

எஞ்சின் நம்பரைத் துடைத்துப் பாருங்கள். அந்த இடம் ராவியிருந்தால், என்ன விலை குறைத்தாலும் வேண்டாம். நம்பர் சரியாக இருந்தால் கடைக்காரரிடம் அதைக் குறிப்பிட்ட பில்லும், எஞ்சின் வந்த வண்டியின் ஆர்.சி. நகலும் கேட்டு வாங்குங்கள். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி, பதிவுச் சான்றிலுள்ள விவரம் மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை அழுத்திச் சொல்லியிருக்கிறது. அதே தயாரிப்பு, அதே ரக எஞ்சின் என்றால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் அனுமதி பெற்று, பிரேக் இன்ஸ்பெக்டர் பார்த்தபின் புது நம்பரை ஆர்.சி.யில் ஏற்றிக்கொள்ளலாம். சி.சி.யோ எரிபொருளோ மாறினால் விஷயம் சிக்கலாகும். சொந்த உபயோகக் கார் 15 வருஷம் தாண்டினால் ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும் அல்லவா, சொல்லாமல் மாற்றிய எஞ்சின் அப்போது மாட்டிக்கொள்ளும். விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரரும் அதைத்தான் முதலில் பார்ப்பார். ஆகவே புதுப்பேட்டைக்குப் போய் முன்பணம் கொடுப்பதற்கு முன்னால், என்ன எஞ்சின் போடப்போகிறேன் என்று எழுதி உங்கள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஒருமுறை கேட்டுவிடுங்கள்.