கீழ்த்தள லேத்தில் என்ன மாறியது?

(குடியிருப்போர் நலச்சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தண்ணீர் மோட்டார் அறைக்குப் பக்கத்தில் இருக்கும் நம் சின்ன லேத்தைப் பற்றி உங்களில் பலர் இரண்டு கேள்விகள் கேட்டீர்கள். "அதில் கம்ப்யூட்டர் மாட்டியிருக்கிறார்களாமே, இனி அது தானாக ஓடுமா?" என்பது ஒன்று. "பிள்ளைகள் விளையாடும் இடத்தில் இது தேவையா?" என்பது மற்றொன்று. அந்த அறை தொடரலாமா என்று அடுத்த பொதுக்குழுவில் முடிவெடுக்கப் போகிறீர்கள். அதற்கு முன், எது மாறியது, எது மாறவில்லை என்று சொல்லிவிடுகிறேன்.

லேத்தில் இரும்புத் துண்டை சக்கில் பிடித்துச் சுழற்றுகிறோம். டூல் அதைச் சீவுகிறது. மரை போட வேண்டுமானால், துண்டு ஒரு சுற்று சுற்றும்போது டூல் சரியாக ஒரு மரை இடைவெளி நகர வேண்டும். அப்படி நகர்த்துவது லீட் ஸ்க்ரூ என்ற நீண்ட திருகு. சக்கையும் அந்தத் திருகையும் இணைப்பவை பல்சக்கரங்கள். லண்டனில் ஹென்றி மாட்ஸ்லே சுமார் 1800-இல் நேர்த்தியாகச் செய்து காட்டிய இந்த ஏற்பாடுதான் இன்றைய சாதாரண லேத்களுக்கும் அடிப்படை.

ஒவ்வொரு மரை அளவுக்கும் வேறு கியர் மாட்ட வேண்டும் என்பதுதான் இதில் உள்ள சிரமம். நம் வீட்டு அரை அங்குலக் குழாயில் ஓர் அங்குலத்துக்கு 14 மரை. அதாவது இடைவெளி 1.814 மில்லிமீட்டர். வண்டியில் இருக்கும் 8 மில்லிமீட்டர் போல்ட்டில் இடைவெளி பொதுவாக 1.25 மில்லிமீட்டர். குழாய் அங்குலக் கணக்கில், போல்ட் மில்லிமீட்டர் கணக்கில். ஓர் அங்குலம் 25.4 மில்லிமீட்டர்; அதை ஐந்தால் பெருக்கினால் 127. அதனால்தான் இரண்டு கணக்கிலும் துல்லியமாக மரை போட 127 பல் கொண்ட பெரிய கியர் ஒன்று தேவைப்படுகிறது. ஒவ்வொரு முறையும் கியர்களைக் கழற்றி, மாட்டி, இடைவெளி பார்த்து இறுக்க வேண்டும்.

எலக்ட்ரானிக் லீட் ஸ்க்ரூ இந்தக் கியர் வரிசைக்கு மாற்று. சக் சுழலும் தண்டில் என்கோடர் என்ற எண்ணும் கருவி இருக்கிறது. நம்முடையது ஒரு சுற்றுக்கு 4,096 எண்ணிக்கை தருகிறது. லீட் ஸ்க்ரூவைத் தனி மோட்டார் ஒன்று சுழற்றுகிறது. நடுவில் இருக்கும் சிறிய கட்டுப்பாட்டுப் பலகை, சக் எவ்வளவு சுற்றியது என்று எண்ணி, திருகு எவ்வளவு சுற்ற வேண்டும் என்று கணக்கிடுகிறது. நம் லீட் ஸ்க்ரூ 2 மில்லிமீட்டர் இடைவெளி கொண்டது. குழாய் மரைக்கு சக் 140 சுற்று சுற்றினால் திருகு 127 சுற்று சுற்ற வேண்டும். இரும்புக் கியராக இருந்த அதே 127 இப்போது பலகைக்குள் எண்ணாக இருக்கிறது. ஒவ்வொரு கணக்கிலும் வரும் மீதியை அடுத்ததில் சேர்த்துக்கொள்வதால் பிழை சேர்ந்துகொண்டே போவதில்லை. அமெரிக்காவின் ஜேம்ஸ் கிளஃப் 2019 முதல் இப்படியொரு வடிவமைப்பை, நிரலோடு சேர்த்து, எல்லோரும் பயன்படுத்தும்படி வெளியிட்டிருக்கிறார். உலகெங்கும் வீட்டுப் பட்டறைகளில் இந்த முறை பரவ அது பெரிதும் உதவியது.

காஞ்சிபுரத்துத் தறிகளை அறிந்தவர்களுக்கு இது புதிதல்ல. பிரான்சில் ஜக்கார்டு 1804-இல் செய்த கருவியில், சேலையின் டிசைன் துளையிட்ட அட்டைகளில் இருந்தது. டிசைன் மாறினால் அட்டைக் கட்டையே மாற்ற வேண்டும். எலக்ட்ரானிக் ஜக்கார்டில் அதே டிசைன் கோப்பாக இருக்கிறது. ஆனால் கைத்தறியில் நாடா ஓட்டுவதும், கோர்வை போடுவதும், இழை அறுந்தால் முடிவதும் நெசவாளரின் கைதான். நம் லேத்திலும் அப்படியே. மரை அளவை மட்டும்தான் பலகை நினைவில் வைத்திருக்கிறது. டூலைத் தீட்டுவது, எவ்வளவு ஆழம் வெட்டுவது, எங்கே நிறுத்துவது எல்லாம் மனிதரின் வேலை. ஆகவே முதல் கேள்விக்குப் பதில்: இல்லை, அது தானாக ஓடாது. ஆள் நிற்காமல் அதை ஓட்டவும் கூடாது.

கியர்களின் கரகரப்பு போய்விட்டது என்பது முதல் மாடிக்காரர்களுக்கு நல்ல செய்தி. ஆனால் ஆபத்து போய்விடவில்லை. சக் முன்பு போலவே சுழல்கிறது. துப்பட்டா, முந்தானை, தொங்கும் சங்கிலி, முழுக்கைச் சட்டை, கையுறை எதைப் பிடித்தாலும் ஆளையும் சேர்த்து இழுக்கும்.

புதிதாக வந்த கவலை ஒன்றும் உண்டு. கரண்ட் போனால், பழைய ஏற்பாட்டில் சக்கும் திருகும் சேர்ந்தே மெதுவாக நிற்கும். இப்போது திருகு உடனே நின்றுவிடும். சக் சில சுற்று சுற்றித்தான் நிற்கும். அந்த இடத்தில் மரை கெடும். அதைவிட முக்கியமானது, நம் ஜெனரேட்டர் சில நொடிகளில் கரண்டைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறது. நின்ற சக்கில் ஒருவர் கை வைத்திருக்கும் நேரம் அது. அதனால்தான், கரண்ட் போனதும் தானே விழுந்து, ஒருவர் மீண்டும் அழுத்தினால் மட்டுமே ஓடும் ஸ்டார்ட்டர் பொருத்தியிருக்கிறோம். கைக்கு எட்டும் இடத்தில் சிவப்பு நிற அவசர நிறுத்தப் பொத்தானும் இருக்கிறது. அதை அழுத்தினால் இரண்டு மோட்டாரும் நிற்கும்.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். அறையைத் தொடர்வதென்றால் இந்த விதிகளோடு தொடருங்கள் என்பதே என் வேண்டுகோள்: சனி, ஞாயிறு காலை 10 முதல் மாலை 5 வரை மட்டும். சாவி சங்க அலுவலகத்தில். பிள்ளைகள் பெற்றோருடன், கண்ணாடி அணிந்து, மஞ்சள் கோட்டுக்கு வெளியே நின்று பார்க்கலாம். தனியாக யாரும் ஓட்டக்கூடாது. இரும்புச் சுருளைக் கையால் எடுக்கக்கூடாது.

பழைய கியர்கள் எண்ணெய் தடவிப் பெட்டியில் இருக்கின்றன. லேத்தின் உடம்பில் புதிதாக ஒரு துளைகூடப் போடவில்லை. பலகை பழுதானால் ஒரே நாளில் பழையபடி ஆக்கிவிடலாம். ஒயர் இணைப்பு, மோட்டார் அளவு, நிரலின் பிரதி எல்லாவற்றையும் எழுதி அலுவலகக் கோப்பில் வைத்திருக்கிறேன். நம் திருமுக்கூடல் பெருமாள் கோயில் கல்வெட்டைப் பாருங்கள். வீரராஜேந்திர சோழன் காலத்தில், மருத்துவமனைக்கு 15 படுக்கை, யாருக்கு எவ்வளவு நெல், என்னென்ன மருந்து என்று வெட்டி வைத்தார்கள். அதனால்தான் இன்றும் நமக்குத் தெரிகிறது. பொதுவில் இருக்கும் பொருளின் விவரம் ஒருவர் தலைக்குள் மட்டும் இருக்கக்கூடாது.

வரும் சனிக்கிழமை காலை 11 மணிக்கு ஒரு குழாய் மரை போட்டுக் காட்டுகிறேன். வந்து பாருங்கள், அந்தச் சிவப்புப் பொத்தானை நீங்களே அழுத்திப் பாருங்கள். பிறகு வாக்களியுங்கள். வேண்டாம் என்று முடிவானால், மறுவாரமே அறையைக் காலி செய்து தருகிறேன்.