அலையை ஆற்றும் காடு



கொந்தளித்த கடலை இயேசு அமைதிப்படுத்திய நிகழ்வை நாம் அறிவோம். அலையை ஆற்றும் காட்டுக்கு நம் முன்னோர் இட்ட பெயர் அலையாத்தி. படைப்பின் வழியாகவும் இறைவன் அலைகளை அடக்குகிறார்.

2004 டிசம்பர் 26, கிறிஸ்து பிறப்பு விழாவின் மறுநாள், ஞாயிறு. கடலூர் மாவட்டக் கரையைச் சுனாமி தாக்கியது. பிச்சாவரத்தில் சுரபுன்னையும் வெண்கண்டலும் அடர்ந்த காட்டுக்குப் பின்னே இருந்த ஊர்களில், திறந்த கரையில் இருந்த ஊர்களைவிடச் சேதம் குறைவு. வேர்களும் தண்டுகளும் நீரின் வேகத்தை உடைத்தன. எந்தக் காடும் எல்லா அலையையும் தடுத்துவிடாது. ஆனால் அடியின் வலுவைக் குறைக்கும்.

அந்தக் காட்டைத்தான் மனிதராகிய நாம் பல்லாண்டுகள் வெட்டினோம். வெட்டிய நிலம் பள்ளமாகி, கடல்நீர் தேங்கி, உப்பேறிப் பாழானது. பிறகு வனத்துறையும் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் ஊர் மக்களும் சேர்ந்து, மீன்முள் வடிவில் வாய்க்கால்கள் வெட்டினார்கள். ஓதநீர் வந்துபோக வழி கிடைத்தது. நட்ட கன்றுகள் பிழைத்தன.

மனமாற்றமும் இப்படித்தான். கன்றை நட்டால் மட்டும் போதாது. அடைத்த வழியையும் திறக்க வேண்டும். இறால் குட்டைக்காகக் காட்டை அழிப்பதும், கழிமுகத்தில் குப்பை கொட்டுவதும் நாமே. ஆண்டவர் தந்த காவலை நம் கையாலேயே வெட்டிவிட்டு, காத்தருளும் என்று எந்த முகத்தோடு மன்றாடுவோம்?

ஆண்டவரே, நாங்கள் அடைத்தவற்றை நாங்களே திறக்க மனம் தாரும். ஆமென்.